அப்பா நிறுத்திய பாட்டு

ரெக்கார்டு உறையின் பின்பக்கத்தில், ஆங்கிலத்தில், என் அப்பாவைப் பற்றி நான்கு வரி அச்சாகியிருக்கிறது. பெயர் இல்லை. பாடகியின் தந்தை, கண்டிப்பான மாதா கோயில் பாடகர் குழுத் தலைவர் என்று மட்டும் இருக்கிறது. ஒரு பெரிய வெள்ளிக்கிழமை அவர் பங்கு மண்டபத்துக்குள் புகுந்து, ஒயரைப் பிடுங்கி எறிந்து, மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார் என்றும், எங்கள் இசைக்குழுவின் முதல் காலம் அன்றோடு முடிந்தது என்றும் எழுதியிருக்கிறது. நான்கு வரியும் என் வாயிலிருந்து போனவை.

எங்கள் இசையைத் தெரிந்தவர்கள் சைக்கடெலிக் என்கிறார்கள், ஸ்பேஸ் ராக் என்கிறார்கள். தெரியாதவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன்: ஒரு பாட்டு இருபது நிமிஷம் ஓடும், பாட வேண்டியவள் பதினைந்தாவது நிமிஷம் வரைக்கும் சும்மா நிற்பாள். அதுவரை கீபோர்டு ஊ என்று இரைந்துகொண்டே இருக்கும், கிடார் எங்கேயோ மேலே சுற்றிக்கொண்டிருக்கும். நட்சத்திரம், இருட்டு, திரும்பி வராத ஒரு கப்பல், இவைதான் பாட்டின் சங்கதி. திண்டிவனத்தில் கல்லூரி படித்த மூன்று பேருக்கு இது எப்படி வந்தது என்று இப்போது பேட்டி எடுப்பவர்கள் கேட்கிறார்கள். கிடார் வாசித்தவன் திருவாமாத்தூர் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுகிற வீட்டுப் பையன். அவன் மாமா பொம்மையார்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வாட்ச்மேன். அங்கே தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் ஒரு பை நிறைய சி.டி.யை விட்டுவிட்டுப் போனார். விண்வெளி எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்த வழி அதுதான்.

எங்களிடம் கிடார் இருந்தது, ஓட்டை டிரம்ஸ் இருந்தது. கீபோர்டு இல்லை. கோயிலில் இருந்தது. அதற்குக் காவல் என் அப்பா.

அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கழுத்தில் விசில், கையில் அட்டை. நேரம் தாண்டி நிற்கிற பஸ்ஸைப் பார்த்து அவர் போடுகிற சத்தம் பூக்கடை வரைக்கும் கேட்கும். அந்தக் குரலோடு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவையும் நடத்தினார். கீபோர்டுக்கு அவரே ஊதா நிறத்தில் உறை தைத்து வாங்கி வந்திருந்தார். பூசை முடிந்ததும் துடைத்து, மூடி, அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். வருஷம் முழுக்க அதை நெருங்க முடியாது, மூன்று நாள் தவிர.

எங்கள் கோயிலில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் மாலை வானவர் கீதம் பாடும்போது மணியெல்லாம் அடித்து ஓய்ந்தால், மறுபடி சனிக்கிழமை இரவுப் பூசையில் வானவர் கீதம் வரும்வரை மணி கிடையாது, வாத்தியம் கிடையாது. மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். வெறும் வாயால்தான் பாடுவார்கள். அந்த நாட்களில் கீபோர்டு சும்மா கிடக்கும். ஈஸ்டர் பாட்டுக்குப் பழக வேண்டும் என்று நான் அப்பாவிடம் கேட்பேன். அவர் சாவியைக் கொடுப்பார். நாங்கள் அதைப் பங்கு மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், மைக்செட் கடையில் வாங்கிய டேப் ரெக்கார்டரை வைத்து, விண்வெளிக்குப் போவோம். இப்போது 'ஆரம்ப காலத்தின் அபூர்வப் பதிவுகள்' என்று வெளிநாட்டில் ஒரு கம்பெனி போட்டிருக்கிற ரெக்கார்டில் என் குரல் வருகிற எல்லாமே ஊர் துக்கத்தில் இருந்த நாட்களில் பதிந்தவைதான்.

ஒரு வருஷம் கீபோர்டைத் திருப்பி வைக்கும்போது சத்தத்தைப் பழையபடி மாற்ற மறந்துவிட்டேன். சனிக்கிழமை இரவு, கோயில் முழுக்க மெழுகுவர்த்தி, எல்லா மணியும் ஒன்றாக அடிக்க, அப்பா இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். உயிர்ப்பு விழாவுக்குப் பதிலாகப் புயல் வந்தது. ஊ என்று ஒரு காற்று. கைக்குழந்தைகள் எல்லாம் வீறிட்டன. அப்பா தடுமாறி எதையெதையோ அமுக்கி ஒருவழியாகச் சரி செய்தார். பூசை முடிந்து ஃபாதர் கேட்டபோது, "என் கைதான் எங்கனா பட்டிருக்கும் சாமி, வயசாய்டுச்சி" என்றார். அவருக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. நான் பக்கத்தில் நின்று பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவின் இந்தக் குணத்தை இங்கே சொல்லிவைக்கிறேன். எதுவாக இருந்தாலும் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்படுவார்.

இனி அந்தப் பெரிய வெள்ளி. சிலுவைப்பாதை முடிந்து கோயில் வாசலில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பையன்கள் இருவரும் கஞ்சி குடிக்கப் போனார்கள். கிடார்காரன் போகும்போது ரெக்கார்டரைத் தட்டிவிட்டு, "ஓடிக்கினு இருக்கட்டும், நீ பாட்டுக்கு பாடிப் பாரு" என்றான். நான் தனியாக வாசித்துப் பாடினேன். அவர்கள் திரும்பி வந்தபோது நான் அங்கே இல்லை. மறுநாள் போனில், "அப்பா வந்து கத்திட்டாரு. இனிமே வேணாம்னுட்டாரு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அடுத்த வாரம் சென்னையில் ஒரு கல்லூரி மேடை. எனக்குப் பயம். அதற்கு முன்னால் எங்கள் கல்லூரி விழாவில் பாடியபோது முன் வரிசையில் ஒருவன் "பேய் பிடிச்சிடுச்சிடா" என்று கத்த, அரங்கமே சிரித்தது. பாடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பயமாக இருக்கிறது என்று பையன்களிடம் சொல்ல வெட்கம். எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு. "வீட்ல வேணாம்ன்றாங்க" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். டூர் போகப் பிடிக்கவில்லையா, ஒரு பையனைப் பிடிக்கவில்லையா, மேடையில் கால் நடுங்குகிறதா, எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். கைப்பையில் குடை வைத்திருப்பதுபோல எல்லோரும் வைத்திருந்தோம். நானும் எடுத்து விரித்தேன்.

சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கல்யாணமாகி விழுப்புரம் வந்தேன். ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து உட்கார்ந்தால் ஆளுக்கொரு கதை வேண்டும். என்னிடம் ஒரே கதைதான் இருந்தது. நான் ராக் பேண்டில் பாடினேன், என் அப்பா நிறுத்திவிட்டார். முதலில் கத்தினார். இரண்டு மூன்று வருஷத்தில் ஒயரைப் பிடுங்கினார். அப்புறம் கையைப் பிடித்து இழுத்தார். ஒவ்வொரு தடவையும் கூட்டம் "ஐயோ!" என்றது, எனக்கு நன்றாக இருந்தது. ஊரே பார்க்கிற அளவுக்கு அப்பாவின் கோபம் வளர்ந்தது. கடைசியில் நானே அதைக் கண்ணால் பார்த்தேன். இது பொய் என்பதே எனக்கு மறந்துபோனது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. அப்படி மறந்ததும் கேவலம்தான்.

அப்பா முன்னாலேயே சொல்லியிருக்கிறேன். முதல் தடவை, என் தலைப்பிரசவம் முடிந்து அவர் பார்க்க வந்தபோது. "நானாம்மா? நான் எப்ப கத்துனேன்?" என்று நிஜமாகவே முழித்தார். எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர், "மாமா, பஸ் ஸ்டாண்டுல கத்துனவருக்கு மண்டபத்துல கத்துனதா ஞாபகம் இருக்கப் போவுது?" என்றார். அப்பாவும் சிரித்துவிட்டார். அடுத்தடுத்த வருஷங்களில் அவர் மறுக்கவில்லை. அப்புறம் தலையை ஆட்டினார். என் பெண் வளர்ந்து, "தாத்தா, அம்மாவ எப்படி இழுத்துக்கினு போன, காட்டு" என்று கேட்டபோது, அவர் அவளுடைய கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போய் நடித்துக் காட்டினார். அன்று நானும்தான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

குழு நான் இல்லாமல் வளர்ந்தது. வேறு பாடகி வந்தாள். கிடார்காரன் பொம்மையார்பாளையத்திலேயே ஒரு ரெக்கார்டிங் அறை போட்டுவிட்டான். போன வருஷம் அவன் போன் செய்து பழைய பதிவுகள் ரெக்கார்டாக வரப்போகின்றன என்றான். உறையில் அச்சடிக்க ஒரு குறிப்பு வேண்டும் என்று அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொன்னான். சொன்னேன். லேப் பெண்களுக்குச் சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன்.

அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய வெள்ளி அன்று ஓடிய கேசட் கிடைத்தது. டிரம்ஸ் வாசித்தவன் துபாயில் இருக்கிறான். அவன் அம்மா வீட்டை வெள்ளையடிக்க பீரோவைக் காலி செய்தபோது, கல்யாண வீடியோக்களுக்கு நடுவில் இருந்திருக்கிறது. புதுச்சேரியில் ஒரு கடையில் கொடுத்து எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கேட்டு, எங்கே தொடங்குவது, எங்கே வெட்டுவது என்று குறிக்க நானும் கிடார்காரனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். என் குரல் மட்டும் இருக்கிற பெரிய வெள்ளிப் பதிவு இயல்பாகவே என் பங்குக்கு வந்தது.

லேபில் கூட்டம் ஓய்ந்த ஒரு பிற்பகலில், சாம்பிள் வைக்கிற ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக் கேட்டேன். பாட்டு நன்றாகவே இருந்தது. இத்தனை வருஷம் அதைப் பற்றி வெட்கப்பட்டிருக்கத் தேவையில்லை. பாட்டு முடிந்தது. செருப்புச் சத்தம் வந்தது.

"ஏம்மா, கஞ்சி ஆறிப்போவுது. வர்லியா?"

என் குரல்: "வர்றேன், போங்க."

"இது என்னா பாட்டும்மா?"

"ஒண்ணும் இல்ல. சும்மா."

"சும்மான்ற. நல்லாக் கீதே. அந்தக் கடைசில இழுக்குற பாரு, அது நல்லாக் கீது."

அப்புறம் ஒரு பெண் கத்துகிறாள். "உங்கள இப்ப யாரு இங்க வரச் சொன்னது? எப்பப் பாரு பின்னாடியே வந்துகினு! போங்கப்பா!" மண்டபம் எதிரொலிக்கிற அளவுக்குக் கத்துகிறாள். அது நான்தான்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அப்பா, பஸ் ஸ்டாண்டில் யாரும் கேட்டிருக்க முடியாத ஒரு குரலில்: "சரிம்மா, சரிம்மா. நீ பாடு. நான் கதவ சாத்திக்கினு போறேன். இன்னிக்கி வாத்தியம் வெளிய கேட்டா தப்பாப் பேசுவாங்க."

கதவு சாத்துகிற சத்தம். அதோடு டேப் முடிந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை. ஊரே மரக்கட்டை தட்டிக்கொண்டிருந்த நாள். பாடகர் குழுத் தலைவரின் மகள், அவரிடம் பொய் சொல்லி வாங்கிய சாவியால் கோயில் கீபோர்டை எடுத்து வந்து வாசிக்கிறாள். கத்துவதற்கு அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. அவர் கதவைச் சாத்தி என்னைக் காப்பாற்றினார். பையன்கள் வருவதற்குள் நான் அந்தக் கதவைத் திறந்துகொண்டு ஓடிவிட்டேன்.

அன்றே கிடார்காரனைக் கூப்பிட்டிருக்கலாம். உறை அச்சுக்குப் போயிருந்தது உண்மை. ஆனால் உண்மையைச் சொல்லியிருந்தால் அவன் நிறுத்தி, மாற்றி அடித்திருப்பான், அப்படிப்பட்டவன்தான். நான் எழுதி அனுப்பியது இது: "பாட்டு முடிஞ்சதும் வெறும் இரைச்சல்தான். அங்கயே வெட்டிடு." அவன் கட்டைவிரலைக் காட்டி ஒரு படம் அனுப்பினான். இத்தனை காலம் சொன்னதற்காவது மறதி துணைக்கு இருந்தது. இதை முழு நினைவோடு செய்தேன். லேப் பெண்கள், என் கணவர், என் பெண் எல்லோர் முன்னாலும் பொய்க்காரி ஆவதைவிட அப்பா வில்லனாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன். அவருக்குத்தான் அது பழகிவிட்டதே என்றும் நினைத்தேன்.

வெளியீட்டை அந்தப் பொம்மையார்பாளையம் கெஸ்ட் ஹவுஸ் ஹாலிலேயே வைத்தார்கள். அப்பாவை அழைத்து வர வேண்டும் என்று கிடார்காரன் பிடிவாதம் பிடித்தான். எங்கள் சின்னவனுக்குப் பரீட்சை என்று என் கணவர் வரவில்லை. நான் திண்டிவனம் போய் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஹாலில் எல்லாம் சின்ன வயசு. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவுக்கு மட்டும் நாற்காலி. ரெக்கார்டு முழுவதும் ஓடியது. கடைசியாக என் பாட்டு. அது முடிந்ததும் சத்தம் மெல்லத் தேய்ந்து அடங்கியது, நான் சொன்ன இடத்தில்.

கைதட்டல் ஓய்ந்ததும், யாரும் கூப்பிடாமலே அப்பா எழுந்து நின்றார்.

"எனக்கு இங்கிலீஷ் அவ்ளோவா வராதுங்க. இந்த அட்டையில என்னப் பத்தி எழுதிக் கீதாம், மாப்ள படிச்சிக் காட்டுனாரு. எல்லாம் நெசந்தாங்க. நான் பஸ் ஸ்டாண்டுல கத்திக் கத்திப் பழகுனவன். அன்னைக்கி பெரிய வெள்ளிக்கெழம, கோவம் வந்துடுச்சி. பாடிக்கினு இருந்த பொண்ண நிறுத்திட்டேன். இப்ப நீங்கள்லாம் இவ்ளோ தூரம் வந்து கேக்குறீங்க. அன்னைக்கே பாட வுட்டிருந்தா எங்கியோ போயிருப்பா. எம்மேலதான் தப்பு. மன்னிச்சிக்கங்க."

என் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கம்மா" என்றார்.

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அங்கிள், செம" என்றான் ஒருவன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் கைதட்டினேன். இதை எழுதுகிற இப்போதும் அந்தக் கைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியில் திண்டிவனம் பஸ் பிடித்தோம். ஜன்னல் ஓரம் அப்பா. பஸ் நேரத்துக்கு எடுக்கவில்லை என்று டிரைவரைத் திட்டினார், வழக்கம்போல. ஊர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கடைசில நான் வந்து கத்துறது கேக்கும்னு நெனச்சேன். டேப்பு ஓடிக்கினு இருந்துச்சின்னு சொல்லுவியே. அது வர்லியே?"

"எடுத்துட்டோம்ப்பா."

 அவர் என் கையைத் தட்டினார். "நல்ல வேலை செஞ்ச. நாலு பேரு கேக்குற எடத்துல அது எதுக்கு. அப்பன் மானத்தக் காப்பாத்திட்ட."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "நீங்க கத்தலப்பா" என்றேன். "நீங்க கத்தவே இல்ல. கத்துனது நான். நீங்க நல்லாக் கீதுன்னு சொல்லிட்டுக் கதவ சாத்திக்கினு போனீங்க. நான் சொன்னதெல்லாம் பொய்."

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். சின்னக் குழந்தை சமாதானம் சொன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு. "ஆளுங்க முன்னாடி எழுந்து பேசிட்டேன்னு மனசு கஷ்டப்படுறியா? வுடும்மா. செஞ்சத செஞ்சேன்னு சொன்னா என்னா கொறைஞ்சிடப் போவுது."

போனில் முழுப் பதிவும் இருந்தது. அவசரமாகத் தேடி எடுத்து, இயர்போனை அவர் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார்.

"வேணாம்மா. அதக் கேக்க எனக்கு வெக்கமாக் கீது."

"ஒரு தடவ கேளுங்கப்பா. நான் பொய் சொல்லிட்டேன்பா, இத்தினி வருசமா."

"சும்மா இரு" என்றார். "எனக்குத் தெரியாதா? நீ எதுக்கும்மா பொய் சொல்லப் போற?"

திண்டிவனம் வரும்வரை என் கையை அவர் விடவில்லை.